சமர்கந்தைப் பாருங்கள், புகாராவில் தங்குங்கள்

உஸ்பெகிஸ்தானுக்குக் கிளம்புகிறவர்களில் பெரும்பாலானோர் சமர்கந்துக்காகத்தான் கிளம்புகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். ஆனால் திரும்பி வந்ததிலிருந்து யார் யோசனை கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: சமர்கந்தை நன்றாகச் சுற்றிப் பாருங்கள், இரவுகளைப் புகாராவுக்கு மிச்சம் வையுங்கள்.

போய்ச் சேருவதில் சிரமம் இல்லை. டெல்லியிலிருந்து தாஷ்கண்டுக்கு நேரடி விமானத்தில் சுமார் 3 மணி நேரம். இந்தியர்களுக்கு இ-விசா உண்டு. நூறு டாலரை மாற்றினால் கையில் பத்து லட்சம் சோமுக்கு மேல் வரும். கொஞ்ச நேரம் லட்சாதிபதியாக உலாவலாம். ஜூலையில் மட்டும் போகாதீர்கள், 40 டிகிரியைத் தாண்டும். ஏப்ரல், மே, இல்லையென்றால் செப்டம்பர், அக்டோபர்தான் சரி.

தாஷ்கண்டில் பழமையைத் தேடினால் ஏமாற்றம்தான். 1966 நிலநடுக்கத்தில் பழைய நகரின் பெரும்பகுதி விழுந்துவிட்டது. பிறகு எழுந்தது அகலமான சோவியத் நகரம். அதே ஆண்டு ஜனவரியில்தான் லால் பகதூர் சாஸ்திரி இங்கே இறந்தார், அவருக்கு ஒரு சிலையும் இருக்கிறது. மெட்ரோவில் மட்டும் காரணமில்லாமல் ஏறி இறங்குங்கள். 2018 வரை உள்ளே படம் எடுக்கவே தடை. கோஸ்மோனவ்ட்லார் நிலையத்தின் நீலச் சுவரில் விண்வெளி வீரர் ககாரினுக்குத் துணையாக, பதினைந்தாம் நூற்றாண்டு அரசர் உலுக் பேக்கும் இருக்கிறார். அவர் அங்கே எப்படி வந்தார் என்பதற்குச் சமர்கந்தில் விடை கிடைக்கும்.

தாஷ்கண்டிலிருந்து சமர்கந்துக்கு அஃப்ரோசியாப் அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். டிக்கெட்டை முன்பே வாங்கிவிடுங்கள், காலை வண்டி சீக்கிரம் நிரம்பிவிடும்.

சமர்கந்தின் ரெகிஸ்தான் சதுக்கம் படங்களில் இருப்பது போலவேதான் இருக்கிறது, அதைவிடப் பெரிதாக. ஒரே சதுக்கத்தின் மூன்று பக்கமும் மூன்று மதரஸாக்கள். ஷேர்-தோரின் முகப்பில் புலியோ சிங்கமோ என்று சொல்ல முடியாத இரண்டு விலங்குகள், அவற்றின் முதுகில் மனித முகம் கொண்ட சூரியன். பக்கத்தில் உள்ள தில்யா-கோரியின் நீலக் குவிமாடம் சோவியத் காலத்தில் எழுப்பியது. டெல்லிப் படையெடுப்பு முடிந்த கையோடு தைமூர் கட்டத் தொடங்கிய பீபி கானும் மசூதியும் இடிபாடாகக் கிடந்து, போன நூற்றாண்டில் எழுந்து நின்றதுதான். அதில் தவறில்லை, கட்டாமல் விட்டிருந்தால் செங்கல் குவியல்தான் மிஞ்சியிருக்கும். ஆனாலும் அகலமான நடைபாதை, வரிசையாகக் கடைகள், குடியிருப்புகளை மறைக்கும் சுவர் என்று எல்லாம் பார்வையாளருக்காகத் துடைத்து வைத்ததாகத் தெரிகிறது.

எனக்குப் பிடித்தது ஊருக்கு வெளியே மேட்டில் இருக்கும் உலுக் பேக்கின் வானாய்வுக்கூடம். தைமூரின் பேரன். தொலைநோக்கி வருவதற்கு சுமார் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பே ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களுக்கு அட்டவணை போட்டவர். ஓராண்டின் நீளத்தை ஒரு நிமிடத்துக்கும் குறைவான பிழையோடு கணக்கிட்டவர். 1449-ல் சொந்த மகனே அவரைக் கொல்ல வைத்தான். கட்டடமும் அழிந்து, இருந்த இடமே மறந்துபோய், 1908-ல் வியாத்கின் என்ற ரஷ்ய ஆய்வாளர் தோண்டிக் கண்டுபிடித்தார். மிச்சம் இருப்பது பாறையை வெட்டி இறக்கிய பள்ளம் ஒன்று. இரண்டு பளிங்கு விளிம்புகள் இணையாக வளைந்து கீழே இருட்டுக்குள் போகின்றன, கல்லில் பாகைக் கோடுகள். சுமார் 40 மீட்டர் ஆரம் கொண்ட வட்டத்தின் ஒரு துண்டு அது. பெரும்பாலான குழுக்கள் ஐந்து நிமிடத்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் பேருந்துக்கு ஓடுகின்றன.

தைமூரின் கல்லறை இருக்கும் கூர்-எமீரை மாலையிலும், ஷா-இ-சிந்தாவின் கல்லறைத் தெருவைக் கூட்டம் வருமுன் காலையிலும் பாருங்கள். தைமூரின் சொந்த ஊரான ஷஹ்ரிசப்ஸை முதல் பயணத்தில் விட்டுவிடலாம்.

புகாரா ரயில் நிலையம் ககான் என்ற பக்கத்து ஊரில் இருக்கிறது. பழைய நகருக்கு டாக்ஸிதான். யாண்டெக்ஸ் செயலி இருந்தால் பேரம் மிச்சம். வந்து சேர்ந்ததும் நிறம் மாறுவது தெரியும். சமர்கந்தின் நீலம் குறைந்து மண்ணும் செங்கல்லும்தான் எங்கும்.

முதலில் சமானித் அரச மரபினரின் கல்லறைக்குப் போனேன். சுமார் ஆயிரத்து நூறு ஆண்டுப் பழையது. சிறியது, பூங்காவுக்குள் ஒதுங்கி நிற்கிறது. ஓடு இல்லை, வண்ணம் இல்லை, வெறும் சுட்ட செங்கல். அதையே படுக்கவைத்தும் நிமிர்த்தியும் சாய்த்தும், பாய் முடைவது போல அடுக்கியிருக்கிறார்கள். வெயில் நகர நகர நிழல் மாறி, சுவரின் நெசவும் மாறுகிறது. காலையில் பார்த்ததை மாலையில் மறுபடி போய்ப் பார்த்தேன், வேறு கட்டடம் போல இருந்தது.

கல்யான் மினாரை 1127-ல் கட்டினார்கள், உயரம் 45 மீட்டருக்கு மேல். 1220-ல் ஊரையே எரித்த செங்கிஸ்கான் இதை மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டு விட்டுவைத்தான் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். எதிரே மீர்-இ-அரப் மதரஸாவில் இன்றும் பாடம் நடக்கிறது. நமக்கு வாசல் வரைதான் அனுமதி, அதுவே எனக்குப் பிடித்திருந்தது. குவிமாடச் சந்தைகளில் கொல்லர்கள் நாரை வடிவக் கத்தரிக்கோல் அடிக்கிறார்கள். அலகு திறந்து மூடி வெட்டும். நாணயம் மாற்றுவோருக்கான சந்தையும் உண்டு. முல்தானிலிருந்து வந்த வணிகர்கள் இங்கே குடியிருந்து வட்டிக்கடை நடத்திய காலம் ஒன்று இருந்தது.

மாலையானால் லாபி ஹவுஸ் குளக்கரை, முசுக்கட்டை மரத்தடி, பச்சைத் தேநீர். நகரில் இப்படி ஏராளமான குளங்கள் இருந்தன. நரம்புச் சிலந்தி நோய் பரவியதால் சோவியத் ஆட்சியில் பெரும்பாலானவற்றைத் தூர்த்தார்கள். 1620-ல் வெட்டிய இது தப்பியது. பேரக் குழந்தைகளோடு வரும் உள்ளூர்க்காரர்களுக்கும் நமக்கும் ஒரே பெஞ்சுதான். தங்கச் சொல்வது இதற்காகத்தான்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கஷ்டம் உண்டு, மறைக்கவில்லை. ப்ளோ என்ற இறைச்சிச் சோற்றில் இறைச்சியை ஒதுக்கித் தந்தாலும் கொழுப்பு சோற்றில் இறங்கியிருக்கும். பூசணி சம்சா, தக்காளி வெங்காய சாலட், தந்தூர் ரொட்டி, பழங்கள் என்று ஓட்டிவிடலாம்.

அப்புறம் ஹீவா. புகாராவிலிருந்து கைசில்கும் பாலைவனத்தின் குறுக்கே நீண்ட பயணம். மண் மதிலுக்குள் இச்சன் கலா என்ற பழைய நகரம், உஸ்பெகிஸ்தானில் யுனெஸ்கோ பட்டியலில் முதலில் ஏறியது, 1990-ல். அரசர் 1855-ல் இறந்ததால் பாதியில் நின்ற குண்டு மினார் கல்தா மினோர். ஜும்மா மசூதியில் 200-க்கும் மேற்பட்ட மரத்தூண்கள். தூண்களுக்காக மட்டுமே போகலாம். செதுக்கல் ஒவ்வொன்றிலும் வேறு. ஆனால் முன்னிரவிலேயே தெரு அடங்கிவிடும். ஓர் இரவு போதும், நாட்கள் குறைவென்றால் தயங்காமல் விட்டுவிடலாம். போகிறவர்கள் திரும்பும்போது உர்கெஞ்சிலிருந்து தாஷ்கண்டுக்கு விமானம் பிடியுங்கள், பாலைவனத்தை இரண்டாவது முறை கடக்க வேண்டியதில்லை.