ஜெலட்டின் காயம்: ஓரம் மறைய வேண்டும்

ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் மேக்கப் கற்க வருகிறவர்கள் பலர் போலிக் காயம் செய்ய எடுத்தவுடன் சிலிக்கோனில் கை வைக்கப் பார்க்கிறார்கள். ஜெலட்டினில் தொடங்குங்கள். விலை குறைவு, சரியாக வராவிட்டால் உருக்கி மறுபடி ஊற்றலாம். ஓரத்தைத் தோலோடு கரைக்கும் வித்தையை அதுதான் பழக்கும். காயம் எவ்வளவு கோரமாக இருந்தாலும், சுற்றி ஒரு கோடு தெரிந்துவிட்டால் க்ளோஸப்பில் அது வெறும் ஒட்டுதான்.

ஜெலட்டின் தூள், கிளிசரின், தண்ணீர் மூன்றும் தலா 2 மேசைக்கரண்டி. கலந்து 10 நிமிடம் ஊறவிட்டு, கிண்ணத்தை வெந்நீருக்குள் வைத்து உருக்குங்கள். கொதிக்கவே விடக்கூடாது. கொதித்தால் நுரைக்கும், பிடிப்பும் குறையும். தண்ணீர் கூடினால் ஊற்றி எடுத்த ஜெலட்டின் துண்டு காயக்காயச் சுருங்கி ஓரம் தூக்கும். கிளிசரின் கூடினால் பிசுபிசுக்கும். இதில் ஒரு துளி ஃபவுண்டேஷனும், மிகப் பொடியாக நறுக்கிய சிவப்பு நூலும் சேர்த்தால் தோலுக்கடியில் ரத்தம் ஓடுகிற தோற்றம் வரும்.

வாசலின் லேசாகத் தடவிய கண்ணாடியில் ஊற்றி, நடுவில் மேடாகவும் ஓரத்தில் வெங்காயச் சருகு போலவும் கத்தியால் இழுத்துவிடுங்கள். இறுகியதும் நடுவைக் கீறிப் பிளந்து, பவுடர் போட்டபடியே உரியுங்கள். பவுடர் இல்லாவிட்டால் மெல்லிய ஓரம் சுருண்டு தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க முடியாது.

ஒட்டும் இடத்தை ஆல்கஹாலால் துடைத்து எண்ணெய்ப்பசையை எடுங்கள். புரோஸ்-எய்ட் பசையைத் தோலிலும் துண்டிலும் பூசி, வெள்ளை நிறம் போய்த் தெளிந்த பிறகு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்துங்கள். அவசரப்பட்டு ஈரத்தோடு ஒட்டினால் வழுக்கும். இனிதான் முக்கியமான வேலை: பஞ்சுமுனையை விட்ச் ஹேசலில் (ஒரு செடிச் சாற்றுத் திரவம்) நனைத்து ஓரத்தை மட்டும் தொட்டுத்தொட்டுக் கரையுங்கள். தேய்த்தால் கிழியும். விரலால் தடவும்போது எங்கே தொடங்குகிறது என்று தெரியாத அளவுக்குக் கரைய வேண்டும். பிறகு மேலே மெல்லிசாகப் புரோஸ்-எய்ட் பூசிப் பவுடர் போட்டு மூடுங்கள். நம் ஊர் வெயிலிலும் விளக்குச் சூட்டிலும் மூடாத ஜெலட்டின் வியர்வை பட்டு இளகிவிடும். முழுநாள் வெளிப்புறப் படப்பிடிப்பென்றால் மாற்றுத் துண்டுகள் கையில் இருக்கட்டும்.

நிறத்தை ஒரே பூச்சாக அடிக்காதீர்கள். சொரசொரப்பான ஸ்பாஞ்சால் சிவப்பு, ஊதா, பழுப்பு என்று புள்ளிபுள்ளியாக ஒற்றுங்கள், பிளவின் அடி கறுஞ்சிவப்பாகட்டும். கதையில் அடிபட்டு எத்தனை நாள் என்று உதவி இயக்குநரிடம் கேளுங்கள். புதுக் கன்றல் சிவப்பு, ஓரிரு நாளில் ஊதா, வாரம் நெருங்கும்போது பச்சையும் மஞ்சளும்.

ஜெலட்டின் விலங்குப் பொருள். சைவம் சாப்பிடும் நடிகரிடம் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்குவதுதான் மரியாதை. பசைக்கு ஒவ்வாமை உண்டா என்பதை முழங்கை உட்புறத்தில் தடவி, முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். கழற்றும்போது பிய்த்து எடுக்காதீர்கள். வெதுவெதுப்பான ஈரத்துணியை ஒற்றினால் ஜெலட்டின் இளகும், மிஞ்சும் பசையை அதற்குரிய ரிமூவரால் எடுத்துவிட்டு மாய்ஸ்சரைசர் தடவி விடுங்கள்.