லோரென்ஸாச்சியோவில் எங்கே கத்தரி வைப்பது?

பிரெஞ்சு எழுத்தாளர் அல்ஃப்ரெட் து முஸ்ஸேயின் 'வெனிஸ் இரவு' நாடகம் 1830 டிசம்பரில் பாரிஸின் ஓதியோன் அரங்கில் கேலிக் கூச்சலோடு முடிந்தது. பெயின்ட் காயாத தட்டியில் நாயகி சாய, வெள்ளை உடையில் பச்சைக் கோடுகள் பதிந்தது வேறு. அதன் பிறகு அவர் மேடையை மறந்து, படிப்பதற்கென்றே நாடகம் எழுதினார். 1834-இல் வெளிவந்த 'லோரென்ஸாச்சியோ' அப்படிப்பட்டதுதான்: 5 அங்கம், 39 காட்சி. நான்காம் அங்கத்தில் மட்டும் 11. காட்சிக்குக் காட்சி செட் மாற்றினால், ஃபுளோரன்ஸ் பிரபு அலெக்ஸாந்தர் நாயகன் லோரென்ஸோவின் கையால் கொலையாவதற்குள் பார்வையாளர் தூங்கிவிடுவார்.

1952-இல் பிரான்ஸின் அவிஞ்ஞோன் நகரில், போப் அரண்மனையின் திறந்த முற்றத்தில் ஜெரார் ஃபிலிப் லோரென்ஸோவாக நடித்தபோது இந்தச் சிக்கலே எழவில்லை. திரை இல்லை, செட் இல்லை. ஒளி மாறினால் இடம் மாறியது. 1969-இல் பிராகில் இயக்குநர் ஒதோமார் கிரெய்ச்சா நிலைக்கண்ணாடிகளையும் முகமூடிகளையும் வைத்து முழு நகரத்தையே மேடையில் நிறுத்தினார்.

ஆனாலும் வெட்டாமல் முடியாது. முதலில் கை போவது, பிரபுவின் காதலியாகும் சீபோ சீமாட்டியின் கிளைக்கதை மேல். அது போனால் கொலைத் திட்டம் குலையாது. ஆனால் இரண்டாம் அங்கத்தில் ஓவியர் தெபால்தேயோவின் காட்சியைத் தொடவே கூடாது. படத்துக்காகப் பிரபு இரும்புச் சட்டையைக் கழற்றும்போதுதான் லோரென்ஸோ அதைத் திருடுகிறான். மூன்றாம் அங்கத்து வாள் பயிற்சியும் அப்படித்தான். லோரென்ஸோ அதில் கூச்சல் போட்டுப் போட்டு அக்கம்பக்கத்தைச் சத்தத்துக்குப் பழக்கி வைக்காவிட்டால், கொலை இரவில் யாரும் ஏன் ஓடி வரவில்லை என்ற கேள்வி தொங்கும்.

கொலைக் காட்சியில் கவனிக்க வேண்டியது வாள்வார், அதாவது வாளைத் தொங்கவிடும் பட்டை. பிரபு வாளை உருவ முடியாதபடி லோரென்ஸோ அதை வாளோடு சுற்றிவைக்கிறான். கடைசி வரிசைக்கும் அது தெரிய வேண்டும். அவசரமாகச் செய்தால் பிரபு சும்மா படுத்துச் சாவது போலாகிவிடும்.

பெரிய தவறு ஐந்தாம் அங்கத்தை எடுப்பது. 1896-இல் சாரா பெர்ன்ஹார்ட் ஆண் வேடத்தில் முதன்முதலாக மேடையேற்றிய பிரதியில் அது இல்லை. கொலையோடு நிறுத்தினால் லோரென்ஸோ வீரனாகிவிடுகிறான். முஸ்ஸே எழுதியது வேறு: கோஸிமோ புதிய பிரபுவாகிறான், நகரம் பழையபடியே இருக்கிறது. பட்டு வியாபாரி தெருவில் நின்று, செத்த பிரபுவின் கதையில் ஆறு என்ற எண் வருமிடங்களை எண்ணுகிறார்: வயது 26, ஆட்சி ஆறு ஆண்டு, காயங்கள் ஆறு. நேரம் போதாதென்றால் வேறெதையாவது குறைக்கலாம், இந்தப் பேச்சை விடவே கூடாது. நடிகர் இதைச் சிரிப்புக்காக இழுக்காமல், கடைக்கணக்கு சொல்வதுபோல் சொன்னால் போதும்.