‘போர் விமானம்’ என்று மனுவில் இருந்தால் ஊட்டியில் என்ன ஆகும்

இறுதியாண்டு ஏரோ (விமானப் பொறியியல்) மாணவர்கள் யாராவது மலையில் ஆர்சி விமானத்தை, அதாவது ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானத்தை, வைத்து புராஜெக்ட் செய்வதாக இருந்தால், முதலில் கல்லூரிக் கடிதத்தின் தலைப்பைப் பாருங்கள். எங்கள் துறையில் அடித்துக் கொடுத்தது ‘போர் விமானத்தின் திரும்பும் திறன் மதிப்பீடு’. பறக்கவிருந்ததோ ஒரு கிலோ கூட வராத தெர்மாகோல் டெல்டா, அதாவது முக்கோண இறக்கை விமானம்.

ஊட்டிக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் ஊர்ப் பள்ளி மைதானம். ட்ரோன் வரைபடத்தில் பச்சை மண்டலம்தான், அதாவது பறக்கவிடத் தடையில்லாத இடம். தலைமையாசிரியர் சரி என்றார். “எதுக்கும் எழுத்துல ஒண்ணு வாங்கிட்டு வந்துடு தம்பி” என்று ஒரு வார்த்தை சேர்த்தார். அதற்குத்தான் அத்தனை அலைச்சல்.

அனுமதி கேட்டுப் போன அலுவலகத்தில் எழுத்தர் கல்லூரிக் கடிதத்தைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். “போர் விமானமா? பக்கத்துலயே வெலிங்டன்ல ராணுவம் இருக்கு. நாங்க எப்படிக் கையெழுத்துப் போடறது?” பெட்டியைத் திறந்து விமானத்தையே காட்டினேன். இறக்கையை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, “பேப்பர்ல அப்படி இல்லையே” என்றார். கோவைக்கு இறங்கி, துறைத்தலைவருக்காகக் காத்துக்கிடந்து, ‘மாதிரி விமானச் சோதனை’ என்று மாற்றி வாங்கி வந்தேன். அதே மேசை, அதே ஆள், டீ ஆறுவதற்குள் முத்திரை விழுந்தது.

சோதனை முறை தெரிந்ததுதான். உயரமும் வேகமும் குறையாமல் எவ்வளவு இறுக்கமாகச் சுற்ற முடிகிறது என்பது ஒன்று. வேகத்தைப் பிடித்துக்கொண்டு, உயரத்தை விட்டுக்கொடுத்து, இறக்கை நடுங்கும் வரை வளைவை இறுக்கும் வைண்ட்-அப் டர்ன் இன்னொன்று. நிஜப் போர் விமானத்துக்கும் இதேதான். தேஜஸ் 8 ஜி வரை, அதாவது தன் எடையைப் போல் எட்டு மடங்கு விசை வரை போகும், நம் டெல்டாவுக்கு 2 ஜியே பெரிய விஷயம்.

நொடிக்கு 15 மீட்டர் வேகம், 60 டிகிரி சாய்வு என்றால் சுற்றும் வட்டத்தின் ஆரம் சுமார் 13 மீட்டர். இது கோவையானாலும் ஊட்டியானாலும் மாறாது. ஆனால் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கோவையைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. அதே சாய்வில் ஸ்டால் ஆகாமல் (இறக்கை தூக்குவிசையை இழக்காமல்) இருக்க 9 சதவீதம் கூடுதல் வேகம் வேண்டும். கோவையில் எடுத்த எண்ணை நம்பி இங்கே இழுத்தால் மூக்கு குத்திக்கொள்ளும்.

ஜிபிஎஸ் வேகத்தை நம்பவே வேண்டாம். காற்று அடித்தால் ஒரே வட்டத்தில் ஒரு பக்கம் கூடும், மறுபக்கம் குறையும். காற்றழுத்தத்தை வைத்து வேகம் காட்டும் பிட்டோ குழாய் அவசியம். அதிலும் மூடுபனி சதி செய்தது: குழாய் நுனியில் ஒரு சொட்டு நீர் நின்று, விமானம் பறக்கும்போதே வேகம் பூஜ்யம் என்று காட்டியது. சென்சாரிலிருந்து குழாயைக் கழற்றிவிட்டு ஊதுங்கள். கழற்றாமல் ஊதினால் சென்சார் போய்விடும்.

அப்புறம், லைப்போ பேட்டரியை ஜெர்கின் பாக்கெட்டிலேயே வைத்திருங்கள். குளிரில் வோல்ட்டேஜ் படுத்துவிடும், த்ரஸ்ட் (முன்தள்ளும் விசை) குறையும், விமானம்தான் மோசம் என்று கிராஃப் சொல்லும். உயரம் குறையாமல் சுற்றும் சோதனையை எப்போதும் புது சார்ஜில் எடுங்கள். வைண்ட்-அப் டர்னுக்கு மிச்ச சார்ஜ் போதும்.