வார்டு சிஸ்டர் எப்படி முடிவெடுக்கிறார்?

முடிவெடுக்கும் போக்கை 1995இல் ஸ்காட், புரூஸ் என்ற ஆய்வாளர்கள் ஐந்தாகப் பிரித்தார்கள்: அலசிப் பார்ப்பது, உள்ளுணர்வை நம்புவது, அடுத்தவரைச் சார்ந்திருப்பது, தள்ளிப்போடுவது, சட்டென்று எடுப்பது. மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில், ஆள் குறைந்த வார்டை அதிகம் வதைப்பது நான்காவதுதான்.

காலை ஷிஃப்ட் நர்ஸ் எம்.சி. (மருத்துவ விடுப்பு) என்று 6.30க்குத் தெரியவருகிறது. "மேட்ரன் வரட்டும், பார்க்கலாம்" என்று வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் தன் மேலதிகாரியிடம் விட்டுவிட்டால், இரவு முழுக்க நின்றவர் வீட்டுக்குப் போக முடியாது. பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பும் கவலை அவருக்கு. பாஸ் ஓவர் (அடுத்த ஷிஃப்டிடம் நோயாளிகளின் விவரத்தை ஒப்படைப்பது) அரைகுறையாகும், 8 மணி ஆன்டிபயாடிக் பிந்தும். இதற்குத் தீர்வு, ரோஸ்டரின் (பணி அட்டவணையின்) அடியிலேயே அந்தந்த நாளுக்கு முதலில் யாரை அழைப்பது, அடுத்து யாரை என்று எழுதி வைப்பது. வந்து உதவியவருக்கு ஈடான ஓய்வு நாளையும் அப்போதே குறித்துவிட வேண்டும். "பிறகு தரேன்" என்ற பேச்சு இரண்டு தடவை பொய்த்தால், மூன்றாம் தடவை யாரும் போனை எடுக்க மாட்டார்கள். அவர்கள்மேல் தப்பில்லை.

பண்டிகை விடுப்பு வேறு விஷயம். அதில் கலந்து பேசாமல் முடிவெடுக்கவே கூடாது. தீபாவளி, தைப்பூசம், நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு நான்கையும் ஒரே தாளில் எழுதி, போன வருடம் யார் வேலை செய்தார்கள் என்பதைப் பக்கத்தில் காட்டினால், நர்சுகளே பாதியைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்வார்கள். மிச்சத்தை சிஸ்டர் தீர்மானிக்கட்டும். ஒருவருக்கு விடுப்பு மறுத்தால், காரணத்தை அவரிடம் சிஸ்டர் நேரில் சொல்ல வேண்டும்.

டெங்கி நோயாளிகள் நிறைந்த நாளில் ஆளுக்கு ஆறு கட்டில் என்று எண்ணிப் பிரிப்பது பார்வைக்குத்தான் நியாயம். காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் ஆபத்துக் கட்டம் தொடங்குகிறது. 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். அப்போது இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, சிறுநீர் அளவு, ஹீமாட்டோகிரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்) எல்லாவற்றையும் அடிக்கடி பார்த்தாக வேண்டும். அப்படி இரண்டு நோயாளிகள் ஒரு நர்ஸின் பொறுப்பில் இருந்தால், அவருடைய மற்றக் கட்டில்களைக் குறைக்க வேண்டும். எந்த நோயாளி எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்பது இரவு நர்சுக்குத்தான் தெரியும். அவரைக் கேட்காமல் பிரித்தால் கண்காணிப்பு தவறும்.

நோயாளியின் மூச்சு நின்றால் கலந்தாலோசனைக்கு இடமில்லை. மார்பை அழுத்துவது யார், மருந்து எடுப்பது யார், நேரம் குறிப்பது யார் என்று ஒரே குரல் பெயர் சொல்லி ஏவ வேண்டும். ஷிஃப்ட் முடியுமுன் பத்து நிமிடம் உட்கார்ந்து, எது தாமதமானது, எந்தப் பொருள் அவசர மருந்து ட்ராலியில் இல்லை என்று கேட்க வேண்டும். "யார் செய்தது" என்று தொடங்கினால் அடுத்த முறை எல்லாரும் மறைப்பார்கள்.