பாலே பாவாடை ஏன் இப்படிக் குட்டையாச்சு

ஸ்வான் லேக் பாலே வீடியோ போட்டா எல்லாரும் அந்தப் பொண்ணு எத்தன சுத்து சுத்துதுன்னு எண்ணுவாங்க, எனக்கு கண்ணு என்னவோ இடுப்புலேருந்து நேரா வெளிய நீட்டிக்கிட்டு நிக்குற அந்த வெள்ளைப் பாவாடை மேலதான் போகும். அதுக்குப் பேரு டூட்டு. நம்ம ஊர்ல கொழந்தைங்க பர்த்டே கவுனுக்கு உள்ள கேன்கேன் வச்சு தைப்போம்ல, அடிப்படை ஐடியா அதேதான், ஆனா இங்க பத்துப் பன்னெண்டு லேயர் நெட் துணி, காலுக்குப் பக்கத்துல இருக்குறது ரொம்பக் குட்டை, மேல வர வர அகலம் கூடிக்கிட்டே போகும், எல்லாத்தையும் ஒரு ஜட்டி மேல சுருக்கு வச்சு வரிசையா தச்சிருப்பாங்க. கீழ் லேயர்தான் மேல இருக்குறத தாங்குது.

ஆனா ஆரம்பத்துல இது இப்படி இல்ல. 1730கள்ல பாரிஸ்ல மரீ கமார்கோன்னு ஒரு டான்ஸர், குதிச்சு அந்தரத்துல கால டக்டக்னு மாத்துறதுல கில்லாடி, ஆனா தரை வரைக்கும் பாவாடை இருந்தா அது யாருக்குத் தெரியும், அதனால கணுக்கால் தெரியுற மாதிரி வெட்டிட்டாங்க, அதுக்கே ஊரு கொந்தளிச்சுது. அப்புறம் 1832ல மரீ டக்லியோனி ஆடுன லா சில்ஃபீத்ங்குற பாலே. அப்பா அமைச்ச டான்ஸ், பொண்ணு ஆடுது, முழங்காலுக்குக் கீழ வரைக்கும் மணி மாதிரி விரிஞ்ச வெள்ளைப் பாவாடை. இதத்தான் இப்ப ரொமான்டிக் டூட்டுன்னு சொல்றோம், 1841ல வந்த ஜிசெல் பாலே இன்னைக்கும் இதே நீளத்துலதான் நடக்குது.

இதுக்கு ரெண்டு விஷயம் கைகொடுத்துச்சு. ஒண்ணு, 1808 வாக்குல இங்கிலாந்துல ஜான் ஹீத்கோட்ங்குறவரு நெட் பின்ற மெஷின கண்டுபிடிச்சது, கையால பின்னுற லேஸ் விலைக்கு இத்தன லேயர் வச்சுத் தச்சா கட்டுப்படியே ஆகாது. (அவரோட ஃபேக்டரிய 1816ல லட்டைட்டுங்க, அதாவது மெஷின் வேலைய பறிக்குதுன்னு கோவப்பட்ட தொழிலாளிங்க, அடிச்சு நொறுக்குனாங்க, அவரு டிவர்ட்டன்ங்குற வேற ஊருக்கு மாறிட்டாரு, அந்தக் கம்பெனி இன்னும் ஓடுது, 2021ல செவ்வாய்ல எறங்குன நாசாவோட பெர்சிவியரன்ஸ் ரோவருக்கு பாராசூட் துணி நெய்ஞ்சது அவங்கதான்!) இன்னொண்ணு கேஸ் விளக்கு. மெழுகுவத்தி வெளிச்சத்துல வெள்ளை நெட்டு சும்மா மங்கலாத்தான் தெரியும், கேஸ் வெளிச்சம் பட்டா ஆளே மெதக்குற மாதிரி ஆயிடும்.

அந்த கேஸ் விளக்குதான் எமனாவும் ஆச்சு. மெல்லிசு நெட்டு, லேயருக்கு லேயர் காத்து, பக்கத்துலயே தொறந்த நெருப்பு. 1844ல லண்டன் ட்ரூரி லேன் தியேட்டர்ல கிளாரா வெப்ஸ்டர்னு ஒரு டான்ஸர் மேடையிலேயே தீப்பிடிச்சு ரெண்டு மூணு நாள்ல செத்துப்போனாங்க. பிரான்ஸ்ல 1859ல, டிரெஸ்ஸ ஒரு கெமிக்கல் கரைசல்ல முக்கி எடுத்துத்தான் போடணும்னு உத்தரவே போட்டாங்க, ஆனா முக்குன துணி வெறைச்சுப் போயி பழுப்படிச்சு அழுக்கா தெரியும். எம்மா லிவ்ரி, டக்லியோனியோட சிஷ்யை, அத போட மாட்டேன்னுட்டாங்க. 1862 நவம்பர், பாரிஸ் ஓபரால ரிகர்சல், பாவாடைய உதறி சரி பண்றப்ப விளக்குல பட்டுடுச்சு. மேடை முழுக்க எரிஞ்சுக்கிட்டே ஓடியிருக்காங்க. எட்டு மாசம் படுத்த படுக்கை, 1863 ஜூலைல போயிட்டாங்க, சாகும்போது வயசு இருபது இருபத்தொண்ணுதான். இதுல என்னால தாங்க முடியாதது, அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடிதான் டக்லியோனி அவங்களுக்காகவே லே பாப்பியோன்னு ஒரு பாலே அமைச்சிருந்தாங்க, அதுல ஹீரோயின் பட்டாம்பூச்சி, தீப்பந்தத்துகிட்ட போயி றெக்கை கருகிடும். அன்னைக்கு எரிஞ்சு மிஞ்சுன துணித் துண்ட இன்னும் பாரிஸ் ஓபரா மியூசியத்துல வச்சிருக்காங்க. இருபது வயசுப் பொண்ணோட பிடிவாதம்னு நெறைய பேர் எழுதுறாங்க, எனக்கு அப்படித் தோணல, நல்லா தெரியுற டிரெஸ்ஸா உயிர் காக்குற டிரெஸ்ஸான்னு அந்தப் பொண்ணு முன்னாடி கேள்விய வச்சவங்க மேலதான் கோவம் வருது.

சரி, குட்டையான கதைக்கு வரேன். 1880கள்ல இத்தாலி டான்ஸருங்க ரஷ்யாவுல செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கு வர ஆரம்பிச்சாங்க. வர்ஜீனியா சூக்கி வந்ததும் நீளப் பாவாடைய வெட்டச் சொல்லி அடம், அப்புறம் பியரீனா லெக்னானி, 1895 ஸ்வான் லேக்ல ஒரே கால்ல நின்னு 32 சுத்து. முட்டி எப்படி மடங்குது, தொடை எப்படித் திரும்புதுன்னு ஜனம் பாக்கணும்ல, பாவாடை மேல ஏறிக்கிட்டே போச்சு. கடைசில உள்ள ஒரு கம்பி வளையம் விட்டு ஃபிளாட்டா நிக்க வச்சதுதான் பேன்கேக் டூட்டு. கம்பி இல்லாம கொஞ்சம் சாஞ்சு விழுறது பெல் டூட்டு, பிரெஞ்சு ஓவியர் டெகாவோட ஓவியங்கள்ல பாக்குறது அதுதான்.

நடுவுல ஒண்ணு சொல்லணும். ஸ்வான் டூட்டுன்னாலே ஞாபகம் வர்ற ரஷ்ய டான்ஸர் அன்னா பாவ்லோவா, அவங்க குரூப்ல இருந்த க்ளியோ நார்டிகிட்டதான் நம்ம ருக்மிணி தேவி பாலே கத்துக்கிட்டாங்க, உன் நாட்டு டான்ஸ போயி பாருன்னு அவங்கள திருப்பி விட்டதும் பாவ்லோவாதான். பின்னாடி கலாக்ஷேத்ரால பரதத்துக்கு தச்ச காஸ்ட்யூம் வந்துச்சு, அரைமண்டி போட்டா முன்னாடி விசிறி மடிப்பு விரியும் பாருங்க. அங்கயும் பிரச்சனை அதேதான், துணி கால மறைக்கவும் கூடாது, கால் போடுற கோட்ட கெடுக்கவும் கூடாது.

பேன்கேக்கோட தலைவலி என்னன்னா பக்கத்துல ஆள் உரசுனா கம்பி ஒரு பக்கம் எறங்கும், மறுபக்கம் எகிறும். பாலன்ஷீன் அமைச்ச சிம்ஃபனி இன் சி பாலேயோட கடைசில ஐம்பது பேர் கிட்ட மேடைல நிப்பாங்க, அங்க என்ன கதி ஆகும்னு யோசிச்சுக்கோங்க. 1950ல அதுக்கு காஸ்ட்யூம் தச்ச கரின்ஸ்கா கம்பிய தூக்கிப் போட்டுட்டாங்க, ஆறேழு லேயர் நெட்ட வேற வேற நீளத்துல வெட்டி லூசா தையல் போட்டு விட்டாங்க, பவுடர் பஃப் டூட்டு. உரசுனாலும் ஒண்ணும் ஆகாது, ஆடும்போது கூடவே மூச்சு விடுற மாதிரி அசையும். கார்கிவ்ல பொறந்த பொம்பள, காஸ்ட்யூமுக்கு ஆஸ்கர் வேற வாங்கியிருக்காங்க. என் ஓட்டு எப்பவும் இவங்களுக்குத்தான்.

இதெல்லாம் எப்படித் துவைப்பாங்கன்னு கேக்காதீங்க, துவைக்குறது எங்க, வோட்காவ தண்ணில கலந்து ஸ்ப்ரே அடிச்சா வேர்வை நாத்தம் போயிடுமாம், பெரிய கம்பெனிங்கள்லயே இதான் வழக்கம். நெட்டு தொங்கிடக் கூடாதுன்னு தலைகீழாத்தான் மாட்டி வைப்பாங்க.

1996ல வில்லியம் ஃபோர்சைத் ஒரு பாலே போட்டாரு, எலுமிச்சைப் பச்சைல, சுருக்கும் இல்ல லேயரும் இல்ல, வெறும் வட்டமா ஒரு டிஸ்க். ஸ்டீபன் காலவே டிசைன். பாக்க செம ஸ்டைல், ஒத்துக்குறேன். ஆனா எனக்கு நெட்டு அசையணும், அசையாத டூட்டுல பாதி டான்ஸ் காணாம போன மாதிரிதான் இருக்கு. சிம்ஃபனி இன் சி, இந்த ஃபோர்சைத் பாலே, ரெண்டு வீடியோவும் யூடியூப்ல தேடுனா கெடைக்கும், பாத்துட்டு யாராச்சும் பச்சை டிஸ்க்தான் பெட்டர்னு சொன்னீங்கன்னா சண்டைக்கு நான் ரெடி.