சேசிஸ் கட்டும் நாட்கள்

ஜனவரி 6

நானே கட்டும் காரின் சேசிஸை, அதாவது சட்டத்தை, வைத்து வெல்டு செய்வதற்கான மேடை முடிந்தது. தடிமனான பிளைவுட்டை இரண்டு அடுக்காக ஒட்டி, அடியில் இரும்புக் கால் கொடுத்து, ரசமட்டம் வைத்து ஒவ்வொரு மூலையாகச் சரிசெய்தேன். இதற்கே ஒரு வாரம் போனது. மேடை கோணலாக இருந்தால் சேசிஸும் கோணலாகத்தான் வரும்.

கிட்டில், அதாவது கார் பாகங்களின் தொகுப்பில், விஷ்போன்களும் (சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கைகள்) பைபர்கிளாஸ் மூக்கும் மட்கார்டுகளும் வந்திருக்கின்றன. சட்டம் என் பொறுப்பு. மூல வடிவம் 1957-இல் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன் கார். 1973-இல் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போன பிறகும் அடிப்படை மாறவில்லை: மெல்லிய குழாய்களை முக்கோணங்களாகக் கோத்து, எடை சேராமல் விறைப்பு வாங்குவது.

ஜனவரி 14

25 மி.மீ. சதுரக் குழாய், சுவர் 1.6 மி.மீ. வெட்டு, அரம், மறுபடி பொருத்திப் பார். இடைவெளி விட்டுவிட்டு வெல்டால் நிரப்பிக்கொள்ளலாம் என்ற எண்ணமே வரக்கூடாது. அகலமான இடைவெளியில் உலோகம் அதிகம் விழும். அதிகம் விழுந்தால் ஆறும்போது அதிகம் இழுக்கும்.

முனைகளில் இருந்த கறுப்புத் தோலை பிளாப் டிஸ்க்கால் பளபளப்பாகும்வரை தேய்த்தேன். பிசுக்கைத் துடைக்க பிரேக் கிளீனர் பக்கமே போகவில்லை. குளோரின் கலந்த வகையாக இருந்தால், ஆர்க் பட்டதும் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும். அசிட்டோன் போதும், அதுவும் நன்றாகக் காய்ந்த பிறகு.

ஜனவரி 27

மனசே சரியில்லை.

காலையில் அடிச்சட்டம் முழுவதும் டேக் (குழாய்களை நிறுத்திவைக்கும் சிறு பொட்டு வெல்டு) போட்டிருந்தேன். மூலைவிட்டம் இரண்டுக்கும் ஒரு மி.மீ.கூட வித்தியாசமில்லை. மிக் வெல்டிங் மெஷினில் 0.8 மி.மீ. கம்பி, ஆர்கான் கலவை வாயு, தையல் சீராக ஓடியது. அந்த உற்சாகத்தில் வலதுபக்க இணைப்புகளை வரிசையாக ஒரே மூச்சில் முடித்தேன். கிளாம்பைக் கழற்றியதும் ஒரு மூலை மேடையைவிட்டு 4 மி.மீ. எழும்பி நின்றது. மூலைவிட்ட வித்தியாசம் 5 மி.மீ.

உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும், தன் பக்கமாக இழுக்கும். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் மெல்லிய குழாயில் அந்த இழுப்புக்கு எவ்வளவு பலம் என்பதை இன்றுதான் கையால் உணர்ந்தேன்.

பிப்ரவரி 2

தம்பி, “அண்ணா, ஜாக்கி வச்சு நெம்பிடலாமே” என்றான். வேண்டாம் என்றேன். நெம்பினால் அளவு சரியாகலாம்; அழுத்தம் உள்ளேயே இருக்கும், அடுத்த வெல்டிங் சூட்டில் வேறெங்காவது தலைகாட்டும். மெல்லிய கட்டிங் டிஸ்க்கால் நான்கு இணைப்புகளை அறுத்தோம்.

பிப்ரவரி 9

மறுபடி டேக். இந்த முறை ஒரு இணைப்பில் ஒரு முகம் மட்டும்; பிறகு எதிர்மூலை; பிறகு அதற்கு நேர் கீழே. கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறும்வரை அந்த இடத்துக்குத் திரும்புவதில்லை. நாள் முழுக்க ஆறே இணைப்புகள். வித்தியாசம் 1 மி.மீ.

மார்ச் 16

சஸ்பென்ஷன் பிராக்கெட்டுகள். 3 மி.மீ. தகட்டை 1.6 குழாயோடு சேர்க்க வேண்டும். ஆர்க்கைத் தகட்டின் பக்கம் சாய்த்துப் பிடித்துக் குழாய்மேல் கசியவிட்டால் ஓட்டை விழாது. துண்டு இரும்பில் முதலில் போட்டுப் பார்த்து, குறுக்கே அறுத்தேன். முதல் மூன்றும் மேலே அழகு, உள்ளே பிடிப்பே இல்லை. நான்காவதில் உலோகம் வேர்வரை இறங்கியிருந்தது. உயிரைத் தாங்கப்போகும் இணைப்பை வெளியழகை வைத்து நம்ப நான் தயாரில்லை.

மே 18

சக்கரம் ஏறி இறங்கும்போது தானாகத் திரும்பக்கூடாது. அதைப் பார்க்க, ஸ்பிரிங் இல்லாமல் முன்சக்கரத்தை 10 மி.மீ. படிகளாக மேலும் கீழும் நகர்த்தி, டயல் கேஜில் (முள் வைத்த நுண்ணளவு மானி) திசைமாற்றத்தை அளந்தேன். ஏறும்போது வெளியே திரும்பியது, இறங்கும்போது உள்ளே. வரைந்தால் கிட்டத்தட்ட நேர்க்கோடு. அப்படியானால் ஸ்டியரிங் ராக்கின் (ஸ்டியரிங் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பல்தண்டு) உயரம்தான் தவறு; அதைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் நீளம் தவறாக இருந்தால் இரண்டு திசையிலும் ஒரே பக்கம் வளைந்திருக்கும். ராக்குக்கு அடியில் தகடு தகடாகச் சேர்த்தேன். 6 மி.மீ. சேர்ந்தபோது முள் ஏறக்குறைய அசையாமல் நின்றது.

இருட்டும்வரை சக்கரத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தேன். நாளை தம்பி வந்ததும் முதலில் இதைத்தான் காட்ட வேண்டும்.