கை கோத்து நிற்கிற கற்கள்

மார்ச் 4, லண்டன்

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அவுரேலியஸ் ஹெர்மியா, அவுரேலியா பிலமேத்தியம் தம்பதியின் கல்லறைக் கல்லைப் பார்த்தேன். கி.மு. 80 வாக்கில் செதுக்கியது. ஹெர்மியா ரோமின் விமினல் குன்றில் கறிக்கடைக்காரர். அவருடைய வலது கையைத் தூக்கித் தன் உதட்டில் வைத்துக்கொண்டு நிற்கிறாள் மனைவி. இருபுறமும் செய்யுள். ஒரு பக்கத்தில் கணவர், தனக்கு முந்திப் போய்விட்ட மனைவியைச் சொல்கிறார். மறுபக்கத்தில் அவள் பேசுகிறாள்: ஏழு வயதில் என்னை மடியில் ஏற்றுக்கொண்டார், பெற்றவர்களைவிட மேலாக இருந்தார், நாற்பது வயதில் நான் இறந்தேன்.

அந்த ஏழு வயது என்னை உலுக்கிவிட்டது. இருவரும் ஒரே எஜமானிடம் அடிமைகளாக இருந்து விடுதலையானவர்கள். தாய் தகப்பன் யார் என்று கல் சொல்லவில்லை. அவளுக்கு உறவு என்று இருந்தது அவர்தான்.

மார்ச் 6

இந்தக் கற்களை வெறும் காதல் சின்னம் என்று சொல்வது போதாது. ரோமச் சட்டத்தில் அடிமைகள் சேர்ந்து வாழ்ந்தால் அது திருமணமே இல்லை. இருவரில் ஒருவரை எப்போது வேண்டுமானாலும் விற்கலாம். குழந்தை, தாயின் எஜமானுக்குச் சொந்தம். முறைப்படி விடுதலையான பிறகுதான் சட்டப்படி மணம் செய்யலாம். அதனால்தான் இப்படிக் கல் வைத்தவர்களில் விடுதலை பெற்றவர்கள் இவ்வளவு பேர். ஆணுக்குக் குடிமகனின் தோகா உடை, இருவரும் வலது கை கோத்த நிலை. நாங்கள் கணவன் மனைவி என்று சாலையில் போகிறவர்களுக்கெல்லாம் அறிவிக்கிறார்கள். பலர் உயிரோடு இருக்கும்போதே செய்துவைத்துக்கொண்டார்கள்.

ஏப்ரல் 11, ரோம்

காலையில் போர்த்தா மஜ்ஜோரே என்ற பழைய நகர வாசல். ரொட்டிக்காரர் யூரிசாசெஸின் கல்லறை, டிராம் தடங்களுக்கு அருகில். மேலே சுற்றிலும் மாவு பிசைவது, அடுப்பில் வைப்பது, ரொட்டியை நிறுப்பது என்று பேக்கரி வேலை முழுக்கச் சிற்பமாக ஓடுகிறது. பிற்காலக் கோபுரத்துக்குள் புதைந்து கிடந்தது, 1838-ல் இடித்தபோதுதான் வெளியே வந்தது. அவரும் மனைவி அதிஸ்தியாவும் நிற்கும் பளிங்குச் சிற்பமும் அங்கேதான் கிடைத்தது. மிக நல்ல பெண்ணாக வாழ்ந்தாள், அவள் உடலில் மிஞ்சியது இந்த ரொட்டிக் கூடையில் இருக்கிறது என்கிறது கல்வெட்டு. இப்போது அவள் தலை இல்லை, 1934-ல் திருடிவிட்டார்கள். எனக்குத் தாங்கவில்லை.

ஏப்ரல் 12

வத்திக்கானில் கிரத்திதியஸ் லிபானஸ், கிரத்திதியா கிரித்தே தம்பதியின் கல்லறைச் சிற்பம். கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசியில் செய்த பளிங்கு. அதற்குச் சற்று முன்னால்தான் லூனா, அதாவது இன்றைய கராரா, குவாரிகள் பெரிய அளவில் வேலை தொடங்கின. முன்பு இத்தகைய சிற்பங்களுக்குப் பெரும்பாலும் டிராவர்டைன் என்ற சுண்ணாம்புக்கல்தான். அவர் முகமெல்லாம் சுருக்கம், அவள் இளையவள். ஒரு கை அவர் கையில், இன்னொன்று அவர் தோளில். அவளும் விடுதலை பெற்றவள். அப்படியும் இவர்களை நெடுங்காலம் கேட்டோ, போர்சியா என்று பிரபுக்குடும்பத்துப் பெயரில் அழைத்தார்கள். அது அநியாயம்.

ரோமில் பிரஷ்யத் தூதராக இருந்த வரலாற்றாசிரியர் நீபூர் 1831 ஜனவரியில் இறந்தார். சில நாளில் மனைவியும். ஜெர்மனியின் பான் நகரில் அவர்கள் கல்லறைக்குச் சிற்பி ரவுக் இதே பாணியில், கைகோத்த தம்பதியாக, பளிங்கில் செய்திருக்கிறார். அடுத்து அங்கேதான் போகவேண்டும்.